அறை எண் கட்டாயம்

இரண்டு ஆண்டுக்கொரு முறை
எண்ணப் புறப்படுகிறேன்.
கையில் பார்கோடு துப்பாக்கி,
சட்டைப்பையில் மாற்று வில்லைகள் ஒரு கற்றை.
ஃபேர்பேங்க்ஸில் செப்டம்பர்.
பிர்ச் இலைகள் நாலே நாளில் மஞ்சளாகி
நாலே நாளில் தீர்ந்துபோகின்றன.
அவற்றுக்கு யாரும் கணக்குக் கேட்பதில்லை.

அரசு மானியத்தில் வாங்கிய எதுவும்,
ஐயாயிரம் டாலரைத் தாண்டினால்,
எனக்குப் பதில் சொல்ல வேண்டும்.
சொல்லாது. அதுதான் என் உத்தியோகம்.

இரண்டாம் மாடி சென்ட்ரிஃபியூஜ்: இருக்கிறது.
அதன் தலைமேல் யாரோ வைத்த சூப் கிண்ணம்:
பட்டியலில் இல்லை.
உறைபெட்டி: இருக்கிறது. உள்ளே
மண் மாதிரிகளுக்குப் பக்கத்தில்
பழுப்புத்தாளில் சுற்றிய மூஸ் மான் தொடை,
மேலே பென்சிலில் 'ராயுடையது, தொடாதே'.
தொடவில்லை. எழுதவுமில்லை.
ஜெனரேட்டர்: இல்லை.
மூன்று நாள் துருவியதில் தெரிந்தது,
பிப்ரவரியில் மின்சாரம் போன இரவு
கீழ்த்தெரு மருத்துவ விடுதிக்குப் போனதாம்.
திரும்பி வர மறந்துவிட்டது என்றார்கள்,
ஏதோ அதற்கும் ஞாபகம் இருந்ததுபோல.

பிறகு, 40917.
ஹார்லன் பனியாற்றின் மேல் நிறுத்திய
நில அதிர்வுமானி.
கட்டடம்? என்று கேட்கிறது திரை.
அறை எண்?
காலியாக விட்டால் அடுத்த பக்கம் திறக்காது.
'வெளியே' என்று போட்டேன், ஏற்கவில்லை.
'பனி' என்று போட்டேன்.
கடைசியில் பூஜ்யம் போட்டதும்
நிம்மதியாகத் திறந்துகொண்டது.

போன கணக்கில் இருந்த இடத்திலிருந்து
இருநூற்றுப் பன்னிரண்டு மீட்டர் கீழே இருக்கிறது இப்போது.
சிவப்பெழுத்தில் வந்தது எச்சரிக்கை:
அனுமதியின்றி இடம் மாற்றப்பட்டுள்ளது.
மாற்றியவர் பெயர்?

லொரெட்டா டெமியன்டீஃப் ஜூலையில் அங்கே போய் வந்தவள்.
உதட்டுத் தோல் இன்னும் உரிந்துகொண்டிருந்தது.
"கண்ணால் பார்த்தாயா?" விதி கேட்கச் சொல்கிறது, கேட்டேன்.
"பிளவு விழுந்துவிட்டது.
சூரியப் பலகை விளிம்பில் தொங்குகிறது.
பெட்டி பதினொரு மீட்டர் ஆழத்தில்.
கயிற்றில் இறங்கிப் பார்த்தேன்,
பச்சை விளக்கு மினுங்குகிறது.
அதற்குக் கீழே இறங்க எனக்கு மனமில்லை."
"வில்லை?"
"முதல் குளிரிலேயே உதிர்ந்தது.
எண்ணை டிரில்லால் செதுக்கியிருக்கிறேன்,
ஒன்பது மட்டும் கொஞ்சம் கோணல்."

மானியம் மார்ச்சில் முடிகிறது.
வர்ஜீனியாவிலிருந்து அழைத்தார் தணிக்கையாளர் ஸ்ட்ராப்,
எதையோ மொறுமொறுவென்று தின்றபடி.
தொலைந்ததா, திருட்டா, சேதமா?
மூன்றில் ஒன்றைச் சொல்லுங்கள்.
மூன்றுமில்லை என்றேன்,
பதினைந்து நொடிக்கொரு முறை அது பேசுகிறது,
இந்த ஊரில் என்னிடம் அவ்வளவு ஒழுங்காகப் பேசுபவர் இல்லை.
மெல்லுவது நின்றது.
"அப்படியானால் இப்போது அது யார் வசம்?"

லொரெட்டா காகித உறையின் பின்புறத்தில்
கணக்குப் போட்டுக் காட்டினாள்:
இதே வேகத்தில் போனால் எண்பது ஆண்டு.
பனி தன் மூக்கு நுனியில்
அதைத் தானே உமிழ்ந்துவிடும்.
அப்போது என் நாற்காலியில் இருப்பவர்
ரப்பர் பூட்ஸ் போட்டுக்கொண்டு
சேற்றுக்குள் போய் எடுத்துக்கொள்ளட்டும்.
அதுவரை பனி இருந்தால், என்றாள்,
உறையை மடித்துக்கொண்டே.

நிலை: பயன்பாட்டில்.
மாற்றியவர் பெயர்: ஹார்லன்.
முதற்பெயரும் கட்டாயம் என்றது திரை.
கொஞ்சநேரம் ஜன்னலைப் பார்த்துவிட்டு
அதிலும் ஹார்லன் என்றே போட்டேன்.

40917க்கு அச்சிட்ட மாற்று வில்லை
கையில் மிஞ்சியது.
கிழித்துப்போடக் கூடாது, அதற்கும் ஒரு படிவம் உண்டு.
மேசை இழுப்பறையின் உட்பக்கம்
ஒட்டி வைத்திருக்கிறேன்.
மேசை ஐயாயிரத்துக்குக் கீழ்.
அதை எண்ண யாரும் வருவதில்லை.